மொட்டை மாடிக்கு யார் வருவார்கள்?

பறவைகளுக்கென்று நான் முதன்முதலில் வைத்தது ஒரு தட்டு பழைய சோறு. சென்னையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில். முதல் நாள் இரண்டு காகம் வந்தன. மூன்றாம் நாள் எண்ணினால் இருபத்தெட்டு. கூடவே மாடப்புறா ஒரு கூட்டம். நான் ஆசைப்பட்ட தேன்சிட்டு அந்தத் திசைக்கே வரவில்லை. இரண்டாவது மாடி மாமி காயப்போட்டிருந்த கூழ்வடகத்தில் கால்வாசி காணாமல் போனதுதான் கண்ட பலன். வாரக் கடைசியில் மாமி படியேறி வந்து, "உங்காத்து பித்ருக்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டாச்சு. இன்னும் யாருக்குப்பா காத்திண்டிருக்கே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. யாருக்காக வைக்கிறோம் என்று யோசிக்காமல்தான் நம்மில் பலர் தட்டு வைக்கிறோம். சோறு வைத்தால் சோறு தின்கிற பறவை வரும், அவ்வளவுதான். நீங்கள் எதை வைக்கிறீர்களோ அதுதான் யார் வருவது என்று தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் நகரத்தில் பறவை பார்ப்பது பாதி வசப்பட்ட மாதிரி.

பறவைக்குச் சோறு வைப்பது நமக்குப் புதிதில்லை. அமாவாசைக்கும் திவசத்துக்கும் காக்கைக்கு வைக்கிறோம். பொங்கலுக்கு மறுநாள் மாடியில் மஞ்சள் இலை பரப்பிக் கனுப்பிடி வைப்பவர்கள் இன்றும் உண்டு. வாசலில் போடும் அரிசிமாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆனால் அந்தச் சடங்கில் பார்ப்பது என்ற பகுதி கிடையாது. 'கா கா' என்று கூப்பிடுவோம், காகம் வாய் வைத்ததும் உள்ளே போய் இலை போட்டுவிடுவோம். அப்படிப் போகாமல் ஒரு பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அலகில் இருக்கிறது சாப்பாடு

ஒரு பறவை என்ன சாப்பிடும் என்பதை அலகைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிட்டுக்குருவிக்குக் குட்டையாக, தடித்த கூம்பு மாதிரி அலகு. உமியை உடைத்து அரிசியை எடுக்க அதுதான் தோது. தினைக்குருவிக்கும் அப்படியே. கிளிக்குக் கொக்கி அலகு, கொட்டையைப் பிளக்க. தேன்சிட்டின் அலகு ஊசி போல மெலிந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும், பூவுக்குள் விட்டுத் தேன் உறிஞ்ச. கொண்டைக்குருவி பழமும் தின்னும், பூச்சியும் பிடிக்கும். தையல்சிட்டு, கரிச்சான், பஞ்சுருட்டான், தவிட்டுக்குருவி எல்லாம் முக்கியமாகப் பூச்சியை நம்பி வாழ்பவை. வெண்மார்பு மீன்கொத்திக்குப் பெயரில்தான் மீன். நகரத்துக்குள் அது பல்லி, வெட்டுக்கிளி என்று கிடைத்ததைப் பிடித்துக் காலம் தள்ளுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். சென்னையில் ஓரளவு மரமுள்ள ஒரு தெருவில் இருபது வகைப் பறவைகளைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. அவற்றில் தானியத்துக்கு வருபவை மாடப்புறா, புள்ளிப்புறா, சிட்டுக்குருவி, தினைக்குருவி, கிளி என்று கைவிரலுக்குள் அடங்கிவிடும். காகமும் மைனாவும் எதை வைத்தாலும் வரும். (அணிலும் வரும். பறவை இல்லைதான், ஆனால் எல்லோருக்கும் முன்னால் அதுதான் வந்து நிற்கும்.) மற்ற பறவைகளெல்லாம் உங்கள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கடைகளில் பறவைத் தீனி போட்டுத் தொங்கவிடும் கண்ணாடிக் குழாயும் அதற்குள் போடச் சூரியகாந்தி விதையும் விற்கிறார்கள். அது குளிர்நாட்டுப் பழக்கம். பிரிட்டனிலோ வட அமெரிக்காவிலோ பனிக்காலத்தில் பூச்சி அற்றுப்போகும், பகலும் குறுகிவிடும். சின்னப் பறவைகள் இரவுக் குளிரைத் தாங்கி விடியும்வரை உயிரோடிருக்கக் கொழுப்பு வேண்டும். அங்கே விதை நிரம்பிய குழாய்க்கு அர்த்தம் இருக்கிறது. நமக்கு அப்படிப்பட்ட பனிக்காலமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு இலையும் புழுவும் பூச்சியுமாக எங்கும் விருந்துதான். இங்கே பறவைகள் திண்டாடுவது மே மாதத்தில், கத்திரி வெயிலில், தண்ணீருக்கு. அதனால் புதிதாகத் தொடங்குபவரிடம் நான் சொல்வது, முதல் மாதம் தீனியே வைக்காதீர்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள் என்பதுதான். பூச்சி தின்பது, பழம் தின்பது, தேன் குடிப்பது என்ற பேதமெல்லாம் தண்ணீருக்கு இல்லை.

ஒரு மண் தட்டு

பெரிய பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண் தட்டு போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். மாடிக்கு வரும் பறவைக்கு நீச்சல் தெரியாது, கால் எட்டினால்தான் இறங்கும். எவர்சில்வர் வெயிலில் சுடும், பிளாஸ்டிக் வழுக்கும், பீங்கானும் அப்படித்தான். சொரசொரப்பான மண்தான் நல்லது, தண்ணீரும் குளிர்ந்து கிடக்கும். நடுவில் ஒரு தட்டையான கல்லை வைத்துவிட்டால் தேன்சிட்டு போன்ற பொடிசுகள் அதில் நின்று குடிக்கும். நிழல் விழும் இடமாகப் பார்த்து, தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு செடியோ துணிக்கொடியோ இருந்தால், வருகிற பறவை முதலில் அதில் உட்கார்ந்து நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பூனை பதுங்குகிற அளவுக்குப் புதர் தட்டை ஒட்டியே இருக்கக் கூடாது.

நான் தட்டு வைத்துப் பத்து நாள் எதுவும் வரவில்லை. பதினோராம் நாள், மார்ச் மாதம், சாயங்காலம் நாலரை இருக்கும். ஒரு தவிட்டுக்குருவி கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. அழுக்குச் சாம்பல் நிறம், வெளிறிய கண், எப்போதும் எதற்கோ கோபப்பட்ட முகம். கிறீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. மாமரத்திலிருந்து இன்னும் ஆறு வந்தன. ஒன்று டிஷ் ஆண்டெனா மேல் ஏறிக் காவலுக்கு நின்றது. மற்றவை தட்டின் விளிம்பில் வரிசையாக நிற்க, தைரியசாலி ஒன்று இறங்கித் தலையை முக்கி, பின்பக்கத்தை அமிழ்த்தி, இரண்டு சிறகையும் படபடவென்று அடித்தது. பாதித் தண்ணீர் வெளியே. அது ஏறியதும் அடுத்தது இறங்கியது. குளித்து முடித்தவை துணிக்கொடியில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிட ஆரம்பித்தன. ஆண்டெனா மேல் நின்றதுதான் கடைசியில் குளித்தது, அப்போது காவல் வேறொன்று. மொத்தம் பத்து நிமிடம். கையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது.

இந்தத் தட்டுக்கு ஒரு தொல்லையும் உண்டு. காகத்துக்குச் சாப்பாட்டை நனைத்துத் தின்கிற பழக்கம் இருக்கிறது. எங்கிருந்தோ காய்ந்த சப்பாத்தித் துண்டைக் கொண்டுவந்து தண்ணீரில் போடும், சற்றுக் காத்திருக்கும், ஊறியதும் எடுத்துத் தின்னும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். சப்பாத்தி பரவாயில்லை, சில நாள் கோழி எலும்பு, ஒருமுறை எலி வால். அதனால் மாடியின் அடுத்த மூலையில் காகத்துக்கென்று தனியாக ஒரு பழைய பேசின் வைத்துவிட்டேன். கொஞ்சம் ஆழமான பாத்திரமாக இருந்தால் காகம் அதையே விரும்புகிறது.

தினமும் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், அதுவும் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தட்டு காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே குறைந்ததை ஊற்றி நிரப்புவது பிரயோசனமில்லை. இருப்பதைச் செடிக்குக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கத்தை ஒரு தேய் தேய்த்து, புதுத் தண்ணீர் விடுங்கள். சோப்பு வேண்டாம். ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

தானியம் வைக்கத்தான் வேண்டுமா?

வைக்கலாம், அளவாக. நொய், கம்பு, தினை, சாமை, எது வீட்டில் இருக்கிறதோ அது. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிற அளவு ஒரு கைப்பிடி. மீந்தால் மழையில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், ராத்திரி எலி வரும். மிக்சர், முறுக்கு, ஊறுகாய் பட்ட சோறு போன்ற உப்புப் பண்டம் எதுவும் ஆகாது. பறவைக்குப் பால் செரிக்காது. ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது.

சிட்டுக்குருவிக்காகத்தான் பலரும் தானியம் வைக்க ஆசைப்படுகிறார்கள். குருவியே அழிந்துவிட்டது என்று ஒரு பேச்சு வெகுநாளாக இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை வேறு மாதிரி சொன்னது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஓட்டு வீட்டின் இடுக்குப் போய், கண்ணாடியும் கான்கிரீட்டும் வந்தபின் குருவி எங்கே கூடு கட்டும்? அப்புறம் இன்னொன்று. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். மாடியில் கம்பு வைத்துவிட்டு, தொட்டிச் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது குருவிக்கு ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது.

புறா வராமல் குருவிக்கு மட்டும் தீனி வைக்க நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி முன்வாசலில் தொங்கவிடுவார்களே, அதுதான். குருவி கதிரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகக்கூடத் தின்னும். புறாவின் கனத்துக்கும் காலுக்கும் அது தோதுப்படாது. நான் பார்த்த பிளாஸ்டிக் தீனிப்பெட்டி எதுவும் இதற்கு ஈடில்லை.

புறாவை ஏன் இப்படி ஒதுக்குகிறேன் என்று கேட்கலாம். எனக்குப் புறா மேல் கோபம் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் தினமும் மூட்டையாகத் தானியம் கொட்டினால் அவை நூற்றுக்கணக்கில் பெருகும். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து நாள்பட மூச்சில் ஏறினால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வருகிறது, முற்றினால் நுரையீரல் தழும்பேறிப் போகும். 2025-ல் மும்பையில் தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடமான புறாக்கூடத்தை மாநகராட்சி மூடியதும், அதற்கு எதிர்ப்புக் கிளம்பி விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் இதனால்தான். உங்கள் மாடியில் எச்சம் கிடந்தால் காய்ந்தபடியே விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கிளிக்கு வைப்பதென்றால் சென்னையில் ராயப்பேட்டை நினைவுக்கு வரும். அங்கே கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மாடிக்கு வந்த சில கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, பின்னாளில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. மாடியில் பலகைகளை வரிசையாகப் பரப்பி, ஊறவைத்த அரிசியை அவற்றின்மேல் கோடு கோடாக வைப்பார். மாலையில் கூரையே பச்சையாகிவிடும். தம் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கை அதற்கே செலவிட்டார். அது ஒரு விரதம், என்னால் முடியாது. பெரும்பாலோருக்கும் முடியாது. ஆரம்பிப்பதானால் நீங்கள் நான்கு நாள் இல்லாவிட்டாலும் பறவைக்குத் திண்டாட்டம் வராத அளவில் ஆரம்பியுங்கள். ஆசைப்பட்டுக் கிளியைக் கூண்டில் வைக்க நினைக்கிறீர்களா? நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தட்டுக்குப் பதில் தொட்டி

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எதற்கு? ஒரு தொட்டியில் இட்லிப்பூவும் இன்னொன்றில் செம்பருத்தியும் வைத்தால் போதும். வீட்டோரம் முருங்கை பூத்தால் காலையில் அதைச் சுற்றியே நான்கைந்து தேன்சிட்டு இருக்கும். கறிவேப்பிலை பழுத்துக் கறுத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் தேடி வரும். பப்பாளி மரத்தில் உச்சிப் பழம் ஒன்றை விட்டுவையுங்கள். தெருவில் சிங்கப்பூர் செர்ரி மரம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சிவந்த குட்டிப் பழத்துக்குக் கொண்டைக்குருவி, குக்குறுவான், மைனா, கட்டைவிரல் அளவே இருக்கும் பூக்கொத்தி என்று ஆண்டு முழுக்கச் சந்தைதான். கார் நிறுத்துகிறவர்களுக்குத்தான் அந்த மரத்தின்மேல் அப்படி ஒரு பகை.

பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கும் ஒன்று வாய்க்கும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு மனிதர்களின் பக்கத்திலேயே, தொங்கும் வயரிலோ செடிக்கொம்பிலோ கூடு கட்டும். எங்கள் வீட்டில் அது தேர்ந்தெடுத்தது, பயன்படாமல் தொங்கிய பழைய கேபிள் வயர். கட்டுவது முழுக்கப் பெண்தான். சிலந்தி வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து பசை மாதிரி ஒட்டி, நார், சருகு, பட்டைத்துணுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பை போலத் தொங்கவிட்டது. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம். மஞ்சள் மார்பும் மினுமினுக்கும் கழுத்துமாக ஆண் பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டடை தொங்குவது போலத்தான் இருக்கும். வேலைக்கு வருகிற அக்கா அதைத் தட்டிவிடப் போன நேரத்தில் நான் வந்து நின்றது தற்செயல். இரண்டு முட்டை, சுமார் இரண்டு வாரம் அடை, அப்புறம் ஊட்டல். அந்த ஒரு மாதமும் பால்கனியில் துணி காயவில்லை.

கறுப்பாக ஒன்று போனதே, அது என்ன?

பறவையைப் பார்த்தால் மட்டும் போதாது, பெயர் தெரிந்தால்தான் அடுத்த முறை அது தனியாகக் கண்ணில் படும். இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்வது. பார்த்த பறவை குருவி அளவா, மைனாவை விடச் சிறியதா, காகம் அளவா? அடுத்து அலகு, வால், அது என்ன செய்துகொண்டிருந்தது. நிறம் கடைசியில்தான். வெளிச்சம் நிறத்தை ஏமாற்றிவிடும்.

கறுப்புப் பறவைகளை வைத்தே பழகலாம், எல்லாம் உங்கள் தெருவில் இருப்பவை. கழுத்து மட்டும் சாம்பல் என்றால் வீட்டுக்காகம். முழுக்கக் கறுப்பு, அலகு தடிப்பு, குரல் இன்னும் கரகரப்பு என்றால் அண்டங்காக்கை. காகத்தை விட மெலிந்து, நீண்ட வாலும் வெளிறிய அலகும் ரத்தச் சிவப்புக் கண்ணும் இருந்தால் ஆண் குயில். காகம் அளவில், செம்பழுப்புச் சிறகோடு, பறக்க மனமில்லாததுபோல மதில்மேல் நடந்து போனால் செம்போத்து. மைனாவை விட மெலிந்த உடம்பு, மீன்வால் போலப் பிளந்த வால், மின்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பினால் கரிச்சான். கறுப்பில் வெள்ளைப் பட்டை, வாலை விறைப்பாகத் தூக்கி நிற்கிறது, விடியலில் சீட்டியடித்துப் பாடுகிறது என்றால் குண்டுக்கரிச்சான். குருவியை விடச் சின்னதாய், பூவைச் சுற்றிக் கறுப்பாகப் பறந்து, வெயில் பட்டதும் ஊதாவாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டின் ஆண். ஏழு ஆயிற்று. 'கறுப்பாக ஏதோ' என்று இத்தனை நாள் விட்டதெல்லாம் இவைதான்.

குயிலில் ஒரு குழப்பம் உண்டு. பெண் குயில் கறுப்பே இல்லை, பழுப்பில் வெள்ளைப் புள்ளி. அதைப் பார்த்து வேறு ஏதோ பறவை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். பங்குனி, சித்திரையில் ஆண் குயிலைக் காகங்கள் துரத்துவதைக் கவனியுங்கள். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்று பள்ளியில் படித்ததெல்லாம் உங்கள் மாடிக்கு நேர் மேலேதான் நடக்கிறது.

காதையும் பழக்குங்கள். யாரோ செம்புப் பாத்திரத்தைச் சீராகத் தட்டுவதுபோல 'டொக் டொக் டொக்' என்று மதியம் முழுக்கக் கேட்டால் அது குக்குறுவான். பச்சை உடம்பு, சிவந்த நெற்றி, இலையோடு இலையாக இருக்கும். காலை வெயிலில் மட்டும் மொட்டைக் கிளையின் உச்சிக்கு வந்து உட்காரும். பிடி அளவு உடம்பிலிருந்து நம்ப முடியாத சத்தத்தில் 'ட்வீட் ட்வீட்' என்று விடாமல் கத்துவது தையல்சிட்டு.

நேரம் என்றால் காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரை முதல் இருட்டும்வரை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நாற்காலியில் உட்காருங்கள். பறவை உங்களை ஒரு சாமானாக நினைத்துப் பழகிக்கொள்ளும். பைனாகுலர் முதல் ஆண்டே வேண்டியதில்லை. வாங்கினால் 8×42 என்று போட்டிருப்பது நல்லது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம். அது சொல்வதை அப்படியே நம்பாமல், கண்ணால் பார்த்த பின் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதைக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, 1998-ல் தொடங்கியது, இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. மாடியில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த ஒவ்வொன்றையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். 'காகம் 28, வேறு எதுவும் இல்லை' என்பதும் அங்கே தகவல்தான். அரிய பறவையை மட்டும் எழுதுகிறவர்களால் ஆய்வாளர்களுக்கு உபயோகம் குறைவு.

அக்கம்பக்கம்

குடியிருப்பில் இருப்பவர்கள் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அடுத்த வீட்டு ஏசி பெட்டிக்கு மேலோ, துணி காயும் இடத்துக்கு அருகிலோ தட்டு வேண்டாம். வடகக் காலத்தில் தீனியை நிறுத்திவிடுங்கள், மாமி சமாதானமாகிவிடுவார். வானம் தெரிகிற கண்ணாடி ஜன்னலை வெளி என்று நினைத்துப் பறவை மோதும். வெளிப்பக்கம் திரையோ ஒட்டுவில்லையோ இருந்தால் தப்பும். கார்க் கண்ணாடியைத் தையல்சிட்டும் தேன்சிட்டும் கொத்துவது பசியால் இல்லை, தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்ற ஆத்திரம். கண்ணாடியை ஒரு துணிப்பையால் மூடினால் சண்டை ஓயும்.

கோடையில் தரையில் ஒரு குஞ்சு தத்தித் தத்தி நிற்கும். இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். வீட்டுக்குள் எடுத்து வந்து பாலும் சோறும் ஊட்டுவதுதான் அதைக் கொல்லும்.

எங்கள் வளாகத்தின் பின்புறம் அந்த மாமரத்தின் அடியில் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். பாம்பு வரும், பெருக்கி எரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு எழும், ஆள் கிடைக்காமல் தள்ளிப்போகும். போன அக்டோபரில் ஒரு காலை, மாடிப்படி மூலையில் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. மைனாவை விடச் சிறிது. பச்சை முதுகு, மணல்நிற மார்பு, வாலடியில் ரத்தச் சிவப்பு, சிறகில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். தோட்டக்கள்ளன். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வருவது. வந்து சேரும்போது களைத்துப்போய் இப்படி வீடுகளுக்குள் விழுவது வழக்கம்.

செருப்புப் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் ஒரு துணி விரித்து உள்ளே விட்டு, இருட்டான அறையில் வைத்தேன். தீனி எதுவும் கொடுக்கவில்லை. சாயங்காலம் மாமரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வெளியே தத்தி வந்து, சருகை அலகால் ஒரு தள்ளுத் தள்ளி, அடியிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. அதற்கு ஆறுமணிக் குருவி என்றும் பெயர், காலையும் மாலையும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் இரட்டைச் சீட்டி அடிக்கும். மார்ச் வரை அந்தச் சீட்டி கேட்டது. சருகு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இந்த முறை கூட்டத்தில் பெருக்க வேண்டாம் என்று சொன்னது மாமி.